ஆவணப் பக்கம் கலைந்து தெரிகிறதா? அறிகுறியைப் பார்த்து ஸ்ஃபிங்க்ஸ் பிழைகளைத் திருத்துவது எப்படி

பைத்தான் நூலகம் ஒன்றின் ஆவணத்தைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். வாக்கியத்தின் நடுவே இரண்டு நட்சத்திரக் குறி அநாதையாக நிற்கிறது, அல்லது பட்டியலாக வந்திருக்க வேண்டிய நான்கு வரிகள் ஒரே பத்தியாக ஒட்டிக் கிடக்கின்றன, அல்லது சூத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் அர்த்தமே இல்லாத நாலு எழுத்து. ஃபங்ஷன் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, எழுதியவர் சொல்ல வந்ததும் சரிதான், நடுவில் எங்கோ ஒரு இடைவெளியோ வெற்று வரியோ விட்டுப்போயிருக்கிறது. இதைத் திருத்த அந்த நூலகத்தின் உள்வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த அறிகுறிக்கு எது காரணம் என்று தெரியாவிட்டால் ஒரே ஒரு எழுத்துக்காக ஒரு மாலை முழுக்கப் போய்விடும்.

நம்பை, சைபை, பாண்டாஸ், சைக்கிட்-லேர்ன் எல்லாமே ஸ்ஃபிங்க்ஸ் வைத்துத்தான் ஆவணம் கட்டுகின்றன. ஃபங்ஷனுக்கு உள்ளேயே எழுதியிருக்கும் விளக்க உரையான டாக்ஸ்ட்ரிங்கை ஸ்ஃபிங்க்ஸ் எடுத்து, ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் இலக்கணப்படி படித்து, வலைப்பக்கமாக மாற்றித் தருகிறது. அந்த இலக்கணம் வெற்று வரிக்கும் உள்தள்ளலுக்கும் பொருள் கொடுக்கும் இலக்கணம். நம் கண் அவற்றை ஒன்றுமில்லாததாகவே பார்த்துப் பழகியிருக்கிறது. பிழைகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

இன்னொன்றையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பில்டு செய்யும்போது, அதாவது பக்கங்களைக் கட்டும்போது, எச்சரிக்கை தரும் பிழைகள் உண்டு, எதுவுமே சொல்லாமல் பக்கத்தை மட்டும் கெடுத்துவிட்டுப் போகும் பிழைகளும் உண்டு. இரண்டாவது வகைதான் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும், ஏனென்றால் பில்டு பச்சையாகவே முடிந்திருக்கும், யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் அது சத்தம் போடுமா போடாதா என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எச்சரிக்கை வருகிறது, ஆனால் அது சொல்லும் வரியில் ஒன்றுமில்லை

இது எல்லோருக்கும் முதல் நாளே வரும் குழப்பம். எச்சரிக்கையில் கோப்பின் பெயர், அப்புறம் 'டாக்ஸ்ட்ரிங் ஆஃப்' என்று ஃபங்ஷனின் முழுப்பெயர், அதன் பின் ஒரு எண், உதாரணமாக 14 என்று இருக்கும். உடனே கோப்பைத் திறந்து 14-ஆவது வரிக்குப் போனால் அங்கே ஏதோ இம்போர்ட் வரிதான் இருக்கும். அந்த 14 கோப்பின் வரி எண் இல்லை, டாக்ஸ்ட்ரிங்கின் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டிய எண். அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்: நம்பைடாக் போன்ற ஸ்ஃபிங்க்ஸ் நீட்சி டாக்ஸ்ட்ரிங்கை மாற்றி எழுதிய பிறகுதான் டாக்யூட்டில்ஸ் (ஸ்ஃபிங்க்ஸுக்குள் அந்த இலக்கணத்தைப் படிக்கும் கருவி) அதைப் படிக்கிறது, அதனால் எண் சில வரிகள் தள்ளிப்போகும்.

எச்சரிக்கை சுட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். 'வெற்று வரி இல்லாமல் முடிந்தது, எதிர்பாராத உள்தள்ளல் குறைவு' என்ற பொருளில் வரும் எச்சரிக்கை எல்லாம் விளைவைத்தான் காட்டும், காரணம் பெரும்பாலும் அதற்கு ஒன்றிரண்டு வரி மேலே இருக்கும்.

பெரிய நூலகத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மொத்த ஆவணத்தையும் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பாண்டாஸில் ஆவணக் கோப்புறையில் இருக்கும் மேக் நிரலுக்கு 'சிங்கிள்' என்ற ஆப்ஷன் உண்டு, ஒரே ஒரு ஃபங்ஷனின் பக்கத்தை மட்டும் கட்டித்தரும். அந்த வசதி இல்லாத இடத்தில் பக்கத்திலேயே ஒரு சின்ன சோதனைத் திட்டம் வைத்துக்கொண்டு, சந்தேகமான பத்தியை மட்டும் அங்கே ஒட்டிக் கட்டிப் பார்ப்பேன். சில நொடியில் விடை வந்துவிடும்.

குறிமுறை எழுத்தில் வர வேண்டிய சொல் சாய்வெழுத்தில் வருகிறது

காரணம், மார்க்டவுன் என்ற இன்னொரு எழுத்துக்குறி முறையின் பழக்கம். மார்க்டவுனில் ஒற்றை பேக்டிக் (`) போட்டால் குறிமுறை எழுத்து, அதாவது நிரலுக்கான எழுத்துரு. ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் அதற்கு இரட்டை பேக்டிக் வேண்டும். ஒற்றை பேக்டிக்குக்கு அங்கே வேறு வேலை, 'இந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கிறது, அதன்படி நடத்து' என்று சொல்வது. பைத்தான் டாக்ஸ்ட்ரிங்குகளுக்கு இந்த இலக்கணத்தை முன்மொழிந்த பெப் 287 என்ற ஆவணம் வந்தது 2002-இல், மார்க்டவுன் வந்தது 2004-இல். இன்று எல்லோர் விரலும் பழகியிருப்பது பின்னால் வந்ததற்குத்தான், அதனால் இந்தப் பிழை நின்றபாடில்லை.

எச்சரிக்கை வராது. திருத்தம் சுலபம்:

```
`அளவு`      →  சாய்வெழுத்து
``அளவு``    →  குறிமுறை எழுத்து
```

ஆனால் கண்ணில் பட்ட ஒற்றை பேக்டிக்கை எல்லாம் இரட்டையாக்கக் கிளம்பிவிடாதீர்கள். சில திட்டங்கள் ஸ்ஃபிங்க்ஸ் அமைப்புக் கோப்பில் 'டிஃபால்ட் ரோல்' என்ற அமைப்பை மாற்றி வைத்திருக்கும். அங்கே ஒற்றை பேக்டிக்குள் ஃபங்ஷன் பெயரை எழுதினால் அது தானாக இணைப்பாகிவிடும். நீங்கள் இரட்டையாக்கினால் வேலை செய்துகொண்டிருந்த இணைப்பு செத்துப்போகும். முதலில் அமைப்புக் கோப்பைத் திறந்து அந்த ஒரு வரி இருக்கிறதா பாருங்கள், பிறகு அதே கோப்பில் பக்கத்து ஃபங்ஷன்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள்.

நட்சத்திரக் குறி தனியாக நிற்கிறது

எப்போதும் 'கீவேர்டு ஆர்கியூமெண்ட்' பற்றிப் பேசும் வாக்கியம்தான். பெயருக்கு முன்னால் இருக்கும் ** என்பதை டாக்யூட்டில்ஸ் தடித்த எழுத்தின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு முடிவைத் தேடுகிறது, முடிவு கிடைப்பதில்லை. 'இன்லைன் ஸ்ட்ராங் ஸ்டார்ட்-ஸ்ட்ரிங் வித்அவுட் எண்ட்-ஸ்ட்ரிங்' என்று எச்சரிக்கை வரும். ஒற்றை நட்சத்திரமானால் 'ஸ்ட்ராங்' இருக்கும் இடத்தில் 'எம்ஃபசிஸ்' என்று வரும். இரட்டை பேக்டிக்குள் போட்டுவிட்டால் போதும். பாராமீட்டர் பட்டியலில் பெயராக எழுதும்போது நம்பைடாக்கும் நெப்போலியன் என்ற இன்னொரு நீட்சியும் இதைத் தாமே கவனித்துக்கொள்ளும். விளக்க வாக்கியத்துக்குள் வரும்போதுதான் நாம் கவனிக்க வேண்டும்.

அண்டர்ஸ்கோர் காணாமல் போய், சொல் இணைப்பாகிவிட்டது

சைக்கிட்-லேர்னில் மாடல் கற்றுக்கொண்ட மதிப்புகளின் பெயர்கள் எல்லாம் அண்டர்ஸ்கோரில் முடியும்: 'கோயெஃப்_', 'கிளாஸஸ்_' என்று. ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் சொல்லின் கடைசியில் அண்டர்ஸ்கோர் வந்தால் அது இணைப்பு. எங்கே போகும் இணைப்பு? அந்தப் பெயரில் இலக்கு எதுவும் இல்லையென்றால் 'அன்நோன் டார்கெட் நேம்' என்று எச்சரிக்கை வரும், போய்த் திருத்திவிடலாம்.

அதே ஆவணத்தில் அதே பெயரில் ஒரு தலைப்பு இருந்தால் கதையே வேறு. ஒவ்வொரு தலைப்பும் தானாகவே ஒரு இணைப்பு இலக்காகிவிடும், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடும் பார்க்காது. 'கிளாஸஸ்' என்று தலைப்பு உள்ள பக்கத்தில் 'கிளாஸஸ்_' என்று பேக்டிக் இல்லாமல் எழுதினால், அண்டர்ஸ்கோர் உதிர்ந்து அந்தச் சொல் தலைப்புக்குப் போகும் இணைப்பாக மாறிவிடும், ஒரு எச்சரிக்கையும் வராது. படிப்பவர் அண்டர்ஸ்கோர் இல்லாத பெயரைத் தன் நிரலில் எழுதிப் பார்த்து 'அப்படி ஒரு ஆட்ரிபியூட்டே இல்லை' என்ற பிழையோடு திரும்புவார். இரட்டை பேக்டிக் போடுங்கள்.

பட்டியல் பத்தியாகிவிட்டது, அல்லது பத்தி பட்டியலாகிவிட்டது

பட்டியலுக்கு முன்னால் ஒரு வெற்று வரி கட்டாயம். அது இல்லாவிட்டால் கோடு, சொல், கோடு, சொல் என்று எல்லாம் ஒரே வரியில் ஓடும். எச்சரிக்கை கிடையாது. பட்டியலுக்குள் உள்பட்டியல் வைத்தாலும் இதே விதிதான், உள்பட்டியலுக்கு மேலேயும் கீழேயும் வெற்று வரி வேண்டும், அதன் கோடு மேலுள்ள வரியின் முதல் எழுத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டும்.

வேறு வடிவம் ஒன்றும் உண்டு, பலரைக் குழப்புவது இதுதான். ஒரே ஒரு வரி எழுதி, அடுத்த வரியை வெற்று வரி விடாமல் உள்தள்ளி எழுதினால், முதல் வரி கலைச்சொல், இரண்டாவது அதன் விளக்கம் என்று எடுத்துக்கொண்டு விளக்கப் பட்டியலாக்கிவிடும். முதல் வரி திடீரென்று தனித்துத் தெரியும். முதல் பத்தி இரண்டு வரியாக இருந்து மூன்றாவது வரி உள்தள்ளியிருந்தாலோ 'அன்எக்ஸ்பெக்டட் இன்டென்டேஷன்' என்று பிழை வரும். தவறு ஒன்றுதான், மேலே எத்தனை வரி இருந்தது என்பதைப் பொறுத்து ஒரு இடத்தில் சத்தம், இன்னொரு இடத்தில் மௌனம். வெற்று வரி விட்ட பிறகும் பட்டியல் முழுவதும் வலப்புறம் தள்ளி நின்றால், தேவையில்லாமல் உள்தள்ளியிருக்கிறீர்கள், அது மேற்கோள் பத்தியாகிவிட்டது. இடது ஓரத்துக்கு இழுத்துவிடுங்கள்.

குறிப்புப் பெட்டியையே காணோம்

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான்.

```
.. note:  இந்த ஃபங்ஷன் மூல அணியையே மாற்றிவிடும்.
.. note:: இந்த ஃபங்ஷன் மூல அணியையே மாற்றிவிடும்.
```

இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு கோலன். இரண்டு கோலன் இருந்தால் அது டைரக்டிவ் (ஸ்ஃபிங்க்ஸுக்கான கட்டளை), வண்ணப் பெட்டியில் குறிப்பு தெரியும். ஒரு கோலன் என்றால் அது கமெண்ட், அதாவது படிப்பவருக்குக் காட்ட வேண்டாம் என்று அர்த்தம். இலக்கணப்படி அது சரியான கமெண்ட்தான், அதனால் டாக்யூட்டில்ஸ் ஒரு வார்த்தை சொல்லாது. மூலக் கோப்பைப் படிக்கும் ரெவ்யூவர் கண்ணுக்குக் குறிப்பு இருக்கிறது. பக்கத்தைப் படிக்கும் ஆளுக்கு அது இல்லவே இல்லை. 'வெர்ஷன் ஆடெட்' என்ற டைரக்டிவில் கோலன் ஒன்று குறைந்தால், எந்தப் பதிப்பிலிருந்து இந்த ஆப்ஷன் உண்டு என்ற தகவலே போய்விடும். பழைய பதிப்பு வைத்திருப்பவர் ஆவணத்தை நம்பி எழுதி, ஏன் வேலை செய்யவில்லை என்று தன் நிரலில் தப்பைத் தேடுவார். படிப்பவர் மேல் தப்பே இல்லாமல் அவர் நேரத்தைத் தின்னும் பிழை என்பதால்தான் இதை இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

தேடுவது எளிது. இரண்டு புள்ளி, ஒரு இடைவெளி, ஒரு சொல், ஒரே கோலன் என்ற அமைப்பில் தொடங்கும் வரிகளை மொத்தக் கோப்புறையிலும் தேடுங்கள். ஸ்ஃபிங்க்ஸ்-லின்ட் என்ற சின்னக் கருவியும் இதைப் பிடித்துத் தரும். பைத்தானின் சொந்த ஆவணங்களுக்கே அதைத்தான் ஓட்டுகிறார்கள்.

இதன் உடன்பிறப்பு, இரண்டு புள்ளிக்குப் பின் இடைவெளி விடாதது: '..note::' என்று ஒட்டி எழுதிவிட்டு, ஒரு வெற்று வரி விட்டு, குறிப்பை உள்தள்ளி எழுதினால், பக்கத்தில் '..note:' என்று ஒரு வரியும், அதன் கீழே சாம்பல் பெட்டியில் குறிமுறை போலக் குறிப்பும் தெரியும். வரியின் கடைசியில் வரும் இரட்டைக் கோலனுக்கு 'அடுத்து வருவது அப்படியே காட்ட வேண்டிய பகுதி' என்று அர்த்தம், அதனால் வருவது. குறிமுறைப் பகுதிக்கான 'கோட்-பிளாக்' டைரக்டிவுக்கும் உள்ளடக்கத்துக்கும் நடுவே வெற்று வரி இல்லாவிட்டால், முதல் வரி நிரலை டைரக்டிவின் ஆர்கியூமெண்ட் என்று எடுத்துக்கொண்டு 'அதிகபட்சம் 1 ஆர்கியூமெண்ட்' என்று கத்தும். கத்துவது நல்லது, உடனே தெரிந்துவிடும்.

சூத்திரத்தில் எழுத்து தின்னப்பட்டிருக்கிறது

தீட்டா வர வேண்டிய இடத்தில் 'ஹெட்டா' என்பது போல நான்கு ஆங்கில எழுத்து சாய்ந்து நிற்கிறது. இங்கே ஸ்ஃபிங்க்ஸ் மேல் குற்றமில்லை, அது படிப்பதற்கு முன்பே பைத்தான் டாக்ஸ்ட்ரிங்கை மாற்றிவிட்டது. சூத்திரம் எழுதும் மொழியான லேடெக்கில் தீட்டாவை \ போட்டு, டி (t) என்ற எழுத்தில் தொடங்கி எழுதுகிறோம். சாதாரண ஸ்ட்ரிங்குக்குள் \ அடுத்து டி வந்தால் பைத்தானுக்கு அது டேப். ஆக, டேப் ஒன்றும், மிச்சம் நாலு எழுத்தும்தான் ஸ்ஃபிங்க்ஸ் கைக்குப் போகிறது.

எந்தக் குறி எப்படிக் கெடும் என்று தெரிந்தால் பக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பின்னத்துக்கான கட்டளை எஃப்-இல் தொடங்குவதால் அதன் முதல் எழுத்து ஃபார்ம்-ஃபீடு ஆகிவிடும், மிச்சம் மூன்று எழுத்து மட்டும் பக்கத்தில் நிற்கும். பீட்டாவின் முதல் எழுத்து பேக்ஸ்பேஸ் ஆகிவிடும், ஆல்ஃபாவின் முதல் எழுத்து மணி ஒலிக்கும் பழைய கட்டுப்பாட்டு எழுத்தாகும். இவை எல்லாம் பைத்தானுக்கு முறையான குறிகள், எச்சரிக்கைக்கு இடமே இல்லை. மாறாக, சிக்மா, லாம்டா போன்றவை எஸ், எல் எழுத்தில் தொடங்குகின்றன. அப்படி ஒரு குறி பைத்தானில் இல்லாததால் \ அப்படியே தங்கிவிடும், சூத்திரம் சரியாகவே தெரியும். ஆனால் பைத்தான் 3.6-இலிருந்து அதற்கு டெப்ரிகேஷன் எச்சரிக்கையும், 3.12-இலிருந்து வெளிப்படையான சின்டாக்ஸ் எச்சரிக்கையும் வருகிறது. சரியாகத் தெரிவதற்கு எச்சரிக்கை வருகிறது, கெட்டுப்போனதற்கு வருவதில்லை. எச்சரிக்கைப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு திருத்துபவர்கள் தீட்டாவை விட்டுவிடுவது இதனால்தான்.

கிரேக்க எழுத்து 'நியூ'தான் இருப்பதிலேயே மோசம். \ அடுத்து என் (n) வந்தால் புது வரி. மிச்சமிருக்கும் ஒற்றை எழுத்து அடுத்த வரியில், இடது ஓரத்தில் போய் நிற்கும். டாக்ஸ்ட்ரிங்கின் பொது உள்தள்ளலை எடுக்கும்போது பைத்தான் முதல் வரியை விட்டுவிட்டு மற்ற வரிகளில் மிகக் குறைந்த உள்தள்ளலைத்தான் அளவாக வைக்கும். அந்த ஒற்றை எழுத்தால் அளவு பூஜ்ஜியமாகி, முழு டாக்ஸ்ட்ரிங்கும் உள்தள்ளியே நிற்கும், சம்பந்தமே இல்லாத வரிகளில் எல்லாம் உள்தள்ளல் பிழை வரிசை கட்டும். ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் இப்படி மொத்தமாகக் குவிந்தால் முதலில் \ அடுத்து என் வரும் இடத்தைத் தேடுங்கள். 'க்சை' எழுத்துக்கோ இந்தப் பிரச்சினையே இல்லை, எக்ஸ் வந்ததும் பைத்தான் அடுத்து இரண்டு பதினாறடிமான இலக்கங்களை எதிர்பார்த்து, கிடைக்காமல் கோப்பையே இம்போர்ட் செய்ய மறுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்று: டாக்ஸ்ட்ரிங்கைத் திறக்கும் மூன்று மேற்கோளுக்கு முன்னால் ஆர் (r) என்ற ஒற்றை எழுத்து. ஆனால் போட்டுவிட்டு அப்படியே கமிட் செய்யாதீர்கள். உங்களுக்கு முன்னால் வேறொருவர் இதே சிக்கலை \ குறியை இரண்டிரண்டாக எழுதிச் சமாளித்திருக்கலாம். ஆர் வந்த பிறகு அந்த \\ அப்படியே லேடெக்குக்குப் போய், அங்கே வரி முறிவாகிவிடும். ஒவ்வொன்றையும் ஒற்றையாக்குங்கள். தொடக்க மேற்கோளை ஒட்டி \ போட்டு வரியை மடித்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது டாக்ஸ்ட்ரிங்கிலேயே தங்கிவிடும்.

பாராமீட்டரின் பெயரும் வகையும் ஒட்டிக்கொண்டு தடித்த எழுத்தில்

```
அளவு: முழு எண்
அளவு : முழு எண்
```

நம்பைடாக் முறையில் கோலனுக்கு முன்னாலும் இடைவெளி வேண்டும். முதல் வரியில் அது இல்லாததால் மொத்தமும் பெயராகிவிடுகிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் கோலனுக்கு முன் இடைவெளி விடும் வழக்கம் இல்லாததால் கை தானாக இந்தத் தப்பைச் செய்யும். நம்பைடாக்கின் சரிபார்ப்பில் இதற்கென்றே பிஆர்10 என்ற குறியீடு இருக்கிறது. நெப்போலியன் நீட்சி இந்த இடைவெளி இல்லாவிட்டாலும் புரிந்துகொள்ளும், அதனால் அதைப் பயன்படுத்தும் திட்டத்திலிருந்து ஒரு டாக்ஸ்ட்ரிங்கை அப்படியே எடுத்து வந்தால் இங்கே கலைந்துவிடும்.

ஒரு பகுதி முழுவதுமே காணாமல் போயிருந்தால் அதன் தலைப்பைப் பாருங்கள். 'எக்ஸாம்பிள்ஸ்' என்று பன்மையில்தான் இருக்க வேண்டும். 'எக்ஸாம்பிள்' என்று எழுதினால் நம்பைடாக்குக்குத் தெரியாத பகுதி, தூக்கிப் போட்டுவிடும். தலைப்பு சரியாக இருந்து, கீழே உள்ள கோடு ஒரு எழுத்து குறைந்திருந்தால், அது தலைப்பாகவே தெரியாமல் மேல் பகுதியோடு போய் ஒட்டிக்கொள்ளும். கோட்டின் நீளத்தைத் தலைப்புக்குச் சரியாக வையுங்கள்.

நகலெடுத்து ஒட்டிய கட்டளை வேலை செய்யவில்லை

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒரு நூலகத்தின் நிறுவல் பக்கத்திலிருந்து கட்டளையை நகலெடுத்து ஓட்டினார், 'அறியாத ஆர்கியூமெண்ட்' என்று வந்துகொண்டே இருந்தது. பதிப்பை மாற்றினார், புதிதாக நிறுவினார், மதியம் போயே போய்விட்டது. அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தளவைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஆப்ஷனுக்கு முன்னால் இருந்தது இரண்டு சிறு கோடு இல்லை, ஒரே ஒரு நீளக் கோடு.

ஸ்ஃபிங்க்ஸில் 'ஸ்மார்ட் கோட்ஸ்' என்ற வசதி இயல்பாகவே இயங்கும். சாதாரண உரையில் -- வந்தால் நீளக் கோடாக்கும், மூன்று புள்ளியை ஒரே எழுத்தாக்கும், நேர் மேற்கோளை வளைத்துவிடும். கட்டுரைக்கு அழகு, கட்டளைக்கு நஞ்சு. எச்சரிக்கை வராது. ஆப்ஷன் பெயர், கோப்புப் பாதை, தட்டச்சு செய்ய வேண்டிய எதுவானாலும் இரட்டை பேக்டிக்குள் இருக்கட்டும், அங்கே இந்த வசதி கை வைக்காது. முழு வசதியையும் அணைக்க அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும், ஆனால் அது திட்டத்தின் பராமரிப்பாளர்கள் எடுக்க வேண்டிய முடிவு.

எடுத்துக்காட்டும் இணைப்பும்

>>> குறியோடு தொடங்கும் எடுத்துக்காட்டுக்கு மேலே வெற்று வரி இல்லாவிட்டால் அது மேல் பத்தியோடு கலந்துவிடும். கீழே இல்லாவிட்டால், அடுத்து வரும் விளக்க வாக்கியத்தையும் வெளியீடு என்று நினைத்து டாக்டெஸ்ட் (எடுத்துக்காட்டுகளை ஓட்டிச் சரிபார்க்கும் கருவி) தோற்கும். வெளியீட்டிலேயே வெற்று வரி வந்தால் அந்த இடத்தில் கூர் அடைப்புக்குள் 'பிளாங்க்லைன்' என்று பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

இணைப்பு அப்படியே சதுர அடைப்பும் வளை அடைப்புமாகத் தெரிந்தால் அது மார்க்டவுன் இணைப்பு, மாற்றி எழுதுங்கள். `பெயர் <முகவரி>`_ என்ற அமைப்பில் < குறிக்கு முன் இடைவெளி கட்டாயம். 'இங்கே' என்று ஒரே சொல்லில் இரண்டு வேறு முகவரிக்கு இணைப்பு கொடுத்து 'டூப்ளிகேட் டார்கெட்' எச்சரிக்கை வந்தால், கடைசியில் ஒரு அண்டர்ஸ்கோருக்குப் பதில் இரண்டு போடுங்கள். ஃபங்ஷன் பெயர் இணைப்பாகாமல் வெறும் எழுத்தாக நின்றால் மாட்யூல் பெயர் விட்டுப்போயிருக்கும். ஸ்ஃபிங்க்ஸை 'நிட்பிக்கி' முறையில் ஓட்டினால்தான் இதற்கு எச்சரிக்கை வரும்.

தமிழில் எழுதும்போது மட்டும் வருவது

ஆவணத்தைத் தமிழாக்குபவர்கள் முதல் பத்தியிலேயே இதில் மாட்டுவார்கள். **அணி**யின் என்று எழுதினால் சொல் தடிக்காது, நட்சத்திரங்கள்தான் தெரியும். ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் மூடும் குறிக்குப் பின் இடைவெளியோ நிறுத்தற்குறியோதான் வரலாம், எழுத்து வரக்கூடாது. நமக்கோ வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டித்தான் வரும். மூடும் குறிக்குப் பின் ஒரு \ போட்டு ஒரு இடைவெளி விட்டு உருபை எழுதினால், அந்த இரண்டும் பக்கத்தில் மறைந்து, சொல்லும் உருபும் ஒட்டியே தெரியும். பிஓ என்ற மொழிபெயர்ப்புக் கோப்பில் மொழிபெயர்க்கிறீர்கள் என்றால் அங்கே \ குறியை இரண்டாக எழுத வேண்டும். குறிமுறைச் சொல்லுக்கு நான் சிறு கோடு போட்டு உருபு சேர்ப்பேன், ``பிரிண்ட்``-ஐ என்று. படிக்கவும் தெளிவாக இருக்கிறது.

தலைப்பின் அடிக்கோடும் அப்படித்தான். 'கட்டமைப்பு' என்பதில் நாம் எண்ணுவது ஆறு எழுத்து. கணினிக்கு அது பத்து குறியீடு, டாக்யூட்டில்ஸ் அதில் இரண்டு புள்ளிகளைக் கழித்துவிட்டு எட்டு என்று கணக்கு வைக்கும், துணைக்கால் கொம்பு வகையறாவைக் கழிக்காது. ஆறு கோடு போட்டால் 'டைட்டில் அண்டர்லைன் டூ ஷார்ட்' வரும். சாதாரணப் பக்கத் தலைப்பில் கோடு நீளமாக இருந்தால் தப்பில்லை, தாராளமாகவே இழுத்துவிடுங்கள்.

திருத்திவிட்டேன், பக்கம் மாறவே இல்லை

முதலில் பழைய பில்டு கோப்புறையை அழித்துவிட்டுக் கட்டுங்கள். அப்படியும் மாறவில்லையென்றால், ஸ்ஃபிங்க்ஸ் படிப்பது உங்கள் கோப்பையா, முன்பே நிறுவி வைத்த பிரதியையா என்று பாருங்கள். நூலகத்தை இம்போர்ட் செய்து அதன் கோப்புப் பாதையை அச்சிட்டால் தெரிந்துவிடும். இது அடிக்கடி நடக்கும்.

மூன்றாவது, நீங்கள் பார்க்கும் உரை அந்த ஃபங்ஷனிலேயே இல்லாமல் இருக்கலாம். நம்பையின் சைன் ஃபங்ஷன் சி மொழியில் இருக்கிறது, அதன் ஆவண உரை 'யூஃபங்க் டாக்ஸ்ட்ரிங்ஸ்' என்ற தனி பைத்தான் கோப்பில் இருக்கிறது. அணி மெத்தடுகளின் உரை 'ஆட் நியூடாக்ஸ்' என்ற இன்னொரு கோப்பில். 2024-இல் வந்த நம்பை 2.0-இல் 'கோர்' கோப்புறை '_கோர்' ஆகிவிட்டது, பழைய வழிகாட்டிகளில் இருக்கும் பாதையை வைத்துத் தேடினால் கிடைக்காது. சைன் உரையை மாற்றினால் நம்பையையே மறுபடி பில்டு செய்த பிறகுதான் பக்கத்தில் தெரியும். பாண்டாஸில் டேட்டாஃபிரேமுக்கும் சீரீஸுக்கும் ஒரே வார்ப்பு உரையைப் பகிர்ந்துகொள்ளும் மெத்தடுகள் உண்டு, நெளி அடைப்புக்குள் பெயர் மாறி மாறி நிரம்பும். அங்கே திருத்தும்போது அந்த உரை எங்கெல்லாம் போகிறது என்று தேடி, எல்லாப் பக்கங்களையும் பாருங்கள். உரையில் உண்மையாகவே நெளி அடைப்பு வேண்டுமானால் இரட்டையாக எழுத வேண்டும்.

அனுப்பும்போது

ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரு வகைப் பிழை மட்டும் இருக்கட்டும். ஐம்பது கோப்பில் ஒற்றைக் கோலனை இரட்டையாக்கியிருந்தால் ரெவ்யூவர் ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடுவார். அதோடு வாக்கியத் திருத்தமும் வரி மடிப்பும் கலந்திருந்தால் அதே வேலை மாதக்கணக்கில் கிடக்கும். கோப்பைத் திறந்ததும் எடிட்டர் தானாக வரிக்கடைசி இடைவெளிகளை நீக்கிவிடுகிறதா என்று டிஃப்பில் (மாறிய வரிகளின் பட்டியலில்) பாருங்கள், நீங்கள் தொடாத வரி ஒன்றுகூட அங்கே இருக்கக்கூடாது. நம்பை, சைபையில் புல் ரிக்வெஸ்டின் தலைப்பை 'டாக்:' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்குவது வழக்கம். விளக்கத்தில் பழைய பக்கத்தின் படம் ஒன்று, புதியது ஒன்று.

பெரிய திட்டங்கள் பலவற்றில் உங்கள் மாற்றத்தோடு கட்டிய ஆவணத்தின் முன்னோட்ட இணைப்பு சிஐ (தானியங்கிச் சோதனை) முடிந்ததும் கிடைக்கும். அதைத் திறந்து உங்கள் ஃபங்ஷனின் பக்கத்துக்குப் போங்கள், திருத்திய வரியைப் பாருங்கள், அதற்குக் கீழே உள்ள பத்தியையும் ஒரு முறை பாருங்கள், ஏனென்றால் நீங்கள் சேர்த்த வெற்று வரி கெடுத்திருந்தால் அங்கேதான் கெடுத்திருக்கும்.